அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார், யூடியூபை நிறுத்தவில்லை

வாசகர் கேள்விக்கு மனநல மருத்துவரின் பதில்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். வங்கியில் வேலை பார்க்கிறார், எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. அப்பாவுக்கு 68 வயது, அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்தவர், ஐந்து மாதத்துக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். "சர்க்கரை நோயே ஒரு வியாபாரம். 140 என்று இருந்த அளவை 126 ஆக்கி, நன்றாக இருந்தவர்களை நோயாளி ஆக்கினார்கள். தடுப்பூசி மக்கள்தொகையைக் குறைக்கும் திட்டம்" என்பது அவர் கட்சி. யூடியூப் சேனல் ஒன்றில் மாதம் 2,400 ரூபாய்க்குச் சூரணம் வாங்கிச் சாப்பிடுகிறார். தன் உணவு முறை வேலை செய்வதை நிரூபிக்க அவரே ஆறு வாரத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்தார். வெறும் வயிற்றில் 212. "மெஷின் சரியில்லை" என்றாராம்.

பயந்துபோன அம்மா மூன்று வாரமாகக் காலைக் கூழில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கிறார். தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கேலி செய்ய, அப்பா குழுவை விட்டு வெளியேறிவிட்டார். வாசகி அப்பாவின் போனை ரகசியமாக எடுத்துச் சில சேனல்களை முடக்கினார், அவர் கண்டுபிடித்துவிட்டார். பேரக்குழந்தைக்கு அடுத்த மாதம் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி கூடாது என்று அப்பா சொல்ல, கணவரும் தயங்குகிறார். "இது மனநோயா, கட்டாயப்படுத்தி வைத்தியம் பார்க்கலாமா? மாத்திரை கலப்பதைத் தொடரலாமா? குழந்தையை அவரிடம் விடலாமா? இவ்வளவு படித்தவர் எப்படி இதையெல்லாம் நம்புகிறார்?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அம்மா கூழில் மாத்திரை கலப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கணவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் செய்கிறார், புரிகிறது. நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. குடியை நிறுத்த, கோபத்தைக் குறைக்க என்று சாப்பாட்டில் மருந்து கலந்தவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் இருக்கிறது. கிளிமிபிரைடு எடுத்தவர் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். உங்கள் அப்பாவோ வாரத்தில் இரண்டு நாள் மதியமும் இரவும் பட்டினி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை உள்ளே போனதே தெரியாதவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கம் வந்தால் என்ன ஏது என்று யாருக்குப் புரியும்? மெட்ஃபார்மினும் மெதுவாகக் கரையும் வகை. அதைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டிய மருந்து ஒரே மூச்சில் போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 'நமக்குத் தெரியாமல் நம் உடம்பில் மருந்தை ஏற்றுகிறார்கள்' என்றுதான் அவர் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொந்த வீட்டு அடுப்படியிலேயே அது நடப்பது தெரிந்தால் அப்புறம் அவரிடம் எதைப் பேசுவீர்கள்? போனில் சேனலை முடக்கியபோது "உண்மையை மறைக்கத்தானே பார்க்கிறீர்கள்" என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. கலப்பதை நிறுத்தினால் சர்க்கரை ஏறும்தான். அதற்கு வெளிப்படையான வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார் எப்படி நம்பினார்?

படித்தவருக்கு இது வராது என்று நினைத்திருக்கிறீர்கள். படிப்பு ஓரளவு காக்கும், முழுக்கக் காக்காது. வாதம் செய்து பழகிய மனது ஒன்றை நம்பிவிட்டால், அதற்கு வேண்டிய வாதங்களையும் மற்றவர்களைவிட நன்றாகவே தேடிக்கொள்ளும். ஆகவே 'எப்படி நம்பினார்' என்பதைவிட, எப்போது நம்பத் தொடங்கினார் என்று பார்ப்பது உதவும்.

அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே, மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியாக இருக்கிறது. "2021 மே மாதம் சித்தப்பாவை அப்பாதான் தடுப்பூசி முகாமுக்குக் கூட்டிப்போனார், பன்னிரண்டு நாளில் சித்தப்பா போய்விட்டார்." அடுத்த வரியிலேயே அப்பாவின் ரீசார்ஜ் செலவுக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவே இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 35,000 பேருக்கு மேல் தொற்று பதிவான மாதம் அது. ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் தொற்றியவர்களும், தொற்றியது தெரியாமலே ஊசி போட்டுக்கொண்டவர்களும் ஏராளம். சித்தப்பாவின் மருத்துவமனைச் சீட்டில் கோவிட் நிமோனியா என்றே இருக்கிறது. எனக்கு இது போதும். தம்பியைத் தன் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போன அண்ணனுக்குப் போதாது. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து அழக்கூட முடியாத நாட்கள் வேறு. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். அதை ஆராய்ந்த மத்திய அரசின் நிபுணர் குழு, தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பிறகு சொன்னது. மரணச் செய்தி எல்லாப் போனுக்கும் வந்தது. குழுவின் முடிவு எத்தனை போனுக்கு வந்திருக்கும்?

உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, அதனால் இதை ஓர் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 'தற்செயலாக நடந்தது' என்ற பதிலோடு காலம் தள்ளுவது கஷ்டம். 'நான்தான் கூட்டிப்போனேன்' என்ற பதிலோடு இருப்பது அதைவிடக் கஷ்டம். 'என்னையும் சேர்த்து ஏமாற்றிவிட்டார்கள்' என்றால், குற்றவாளிக் கூண்டிலிருந்து அவர் இறங்கிவிடலாம், அந்த இடத்துக்கு ஒரு கம்பெனி வந்துவிடும். பெரிய இழப்புக்குப் பெரிய காரணம் இருந்தாக வேண்டும் என்று மனது கேட்கிறது. கையில் எதுவும் இல்லை என்று தோன்றும் காலத்தில்தான் சதிக் கதைகள் ஒட்டிக்கொள்கின்றன என்பதை உளவியல் ஆய்வுகளும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன.

அதற்கு மேல் ஓய்வு வாழ்க்கை. முப்பது வருடம் 'சார்' என்று கூப்பிட்ட ஊர் இப்போது கூப்பிடுவதில்லை. அந்த யூடியூப் சேனல்காரர்களின் குழுவில் மட்டும் 'ஐயா, இதை விளக்குங்கள்' என்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அவருக்குக் கிடைப்பது உங்கள் தம்பியின் கேலி. ஐயா எங்கே போய் உட்காருவார்?

அவர் சொல்வதில் உண்மை எது?

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். அவர் சொல்வதெல்லாம் பொய் என்று நீங்கள் நினைப்பதுதான் உங்கள் பேச்சு எடுபடாமல் போவதற்கு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

"எமர்ஜென்சியைப் பார்த்தவன் நான்" என்று அடிக்கடி சொல்வாராமே. அப்போது அவருக்குப் பதினெட்டு, இருபது வயது. 1976-77இல் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. இலக்கு வைத்து, மிரட்டி, சம்பளத்தை நிறுத்தி ஆள் பிடித்த கதைகள் வட மாநிலங்களில் ஏராளம். அரசு மருத்துவத்தின் பேரால் மக்கள்தொகையைக் குறைக்கப் பார்த்தது கற்பனை இல்லை, அவர் வாலிபத்தில் செய்தித்தாளில் படித்த நிஜம். 2011இல் பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, பாகிஸ்தானின் அபோட்டாபாதில் பொய்யாக ஒரு தடுப்பூசி முகாமே நடத்தியது. அதன் பிறகு அங்கே போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஆக, சதி என்பதே கிடையாது என்று அவரிடம் வாதாடாதீர்கள். தோற்றுப்போவீர்கள், தோற்பதுதான் நியாயமும்.

கோவிஷீல்டு விஷயத்தில் "கம்பெனியே கோர்ட்டில் ஒத்துக்கொண்டது" என்கிறார். உண்மை. மிக அரிதாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் பாதிப்பு வரலாம் என்று, அந்த ஊசியை உருவாக்கிய அஸ்ட்ராஜெனிகா பிரிட்டன் நீதிமன்ற ஆவணத்தில் சொன்னது 2024இல் செய்தியானது. அவர் போனில் வராத பாதியும் உண்டு. இந்தப் பாதிப்பை 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பக்கவிளைவுப் பட்டியலில் சேர்த்து வெளிப்படையாக அறிவித்தது. அதே மாதம் டென்மார்க் அந்த ஊசியையே நிறுத்தியது. மே மாதம் பிரிட்டன், 40 வயதுக்குக் கீழானவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. எல்லோரும் சேர்ந்து மூடி மறைக்கிறார்கள் என்ற கதையில் இதை எங்கே பொருத்துவார் என்று அவரிடமே கேட்கலாம்.

140, 126 கணக்கும் நிஜம்தான். 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும் வயிற்று அளவை 140இலிருந்து 126க்குக் குறைத்தது, உலக சுகாதார நிறுவனமும் பின்னால் ஏற்றுக்கொண்டது. அதனால் ஒரே நாளில் பலர் பட்டியலுக்குள் வந்ததும் உண்மை. குறைத்ததற்குக் காரணம், 140 வருவதற்கு முன்பே பலருக்கு விழித்திரையில் பாதிப்பு தொடங்கிவிடுவதைப் பார்த்ததுதான். இது போகட்டும். உங்கள் அப்பாவுக்கு 212. பழைய கணக்குப்படியும் சர்க்கரை நோய், புதிய கணக்குப்படியும் சர்க்கரை நோய். அந்தச் சதி நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும் அவர் அதில் மாட்டியவர் இல்லை. ஒரு கணக்கு ஆசிரியரிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

'யாருக்கு லாபம்' என்று அவர் கேட்பதும் நல்ல கேள்வி. அதையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். மெட்ஃபார்மின் 1957இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. காப்புரிமை இல்லை, எந்தக் கம்பெனியும் செய்யலாம், விலை மாத்திரைக்குச் சில ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். (அவருக்கு மூலிகையில் ஆர்வம் என்பதால் ஒரு தகவல்: இந்த மருந்து, ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் இருந்த ஒரு செடியின் சத்தை ஆராய்ந்ததில் பிறந்ததுதான்.) மாதம் 2,400 ரூபாய் வாங்குவது அந்தச் சேனல்காரர். சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. வேண்டுமானால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் நீங்கள் புகார் கொடுக்கலாம். அப்பாவின் நம்பிக்கை திரும்பும் வரை தள்ளிப்போடலாம் என்பது என் யோசனை. இப்போது கொடுத்தால் 'உண்மை பேசியவரை ஒடுக்குகிறார்கள்' என்று அதுவும் ஒரு வீடியோ ஆகும்.

போன் என்ன செய்கிறது?

வதந்திக்குப் போன் தேவையில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது. ஓரிரு நாளில் அடங்கியும் போனது. இப்போது அடங்க விடுவதில்லை, அதுதான் வித்தியாசம். ஒரு வீடியோவைக் கடைசி வரை பார்த்தால் அதே மாதிரி அடுத்தது வந்து நிற்கிறது. ஒரே பொய்யைப் பல வாயால் கேட்கும்போது 'இத்தனை பேர் சொல்கிறார்களே' என்று தோன்றும். அத்தனையும் ஒரே ஊற்றிலிருந்து வருவது தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மை போலத் தோன்றுகிறது என்பதை 1977லேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய செய்திகளை ஆராய்ந்த எம்ஐடி ஆய்வு, பொய்ச் செய்தி உண்மையைவிட வேகமாகவும் அதிகம் பேருக்கும் போவதைக் கண்டது. காரணம் தானாகப் பதிவிடும் இயந்திரக் கணக்குகள் மட்டும் இல்லை, மனிதர்கள்தான். புதிதாகவும் திகைப்பாகவும் இருப்பதைப் பகிர நமக்குக் கை பரபரக்கிறது.

இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்தது நினைவிருக்கலாம். பள்ளிகளில் முகாம் தொடங்கியதும் வாட்ஸ்அப் ஆடியோக்கள் பறந்தன. எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று பெற்றோர்கள் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார்கள். முகாமின் தேதியையே நீட்டிக்க வேண்டி வந்தது. ஆக, உங்கள் அப்பா தனி ஆள் இல்லை.

இது மனநோயா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை. பலரும் சேர்ந்து நம்பும் ஒரு கதையை அவரும் நம்புகிறார். மனநோயில் வரும் பிரமை பெரும்பாலும் தன்னைச் சுற்றியே இருக்கும். 'என்னைத்தான் பின்தொடர்கிறார்கள், என் சாப்பாட்டில்தான் விஷம் வைக்கிறார்கள்' என்று வரும். (இந்த இரண்டாவதை நினைத்தாவது கூழ் விஷயத்தை நிறுத்துங்கள். நாளைக்கு அவர் இப்படிச் சொன்னால், அது பிரமையா உண்மையா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.)

சில அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்: மனைவி மேலோ அக்கம்பக்கத்தார் மேலோ புதிதாகச் சந்தேகம், யாரும் பேசாதபோது குரல் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமின்மை, பழகிய வழி மறப்பது, பணம் எண்ணுவதில் குழப்பம். இந்த வயதில் இவை புதிதாக வந்தால் மறதி நோயாகவும் இருக்கலாம், தைராய்டு அல்லது பி12 குறைபாடாகவும் இருக்கலாம். மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தவர்களுக்கு பி12 குறைவது உண்டு, அதையும் பார்த்துவிடுவது நல்லது. ஆமாம், இந்தப் பக்கவிளைவை அவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சேனல் வழியாகத் தெரிந்துகொண்டால் இன்னொரு 'மறைக்கப்பட்ட உண்மை' ஆகிவிடும்.

கட்டாய வைத்தியத்துக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சமூகத்தின் கருத்துகளோடும் நம்பிக்கைகளோடும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. விளைவைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடிந்த வயது வந்தவர், சர்க்கரை மாத்திரையையும் மறுக்கலாம். அந்த முடிவு தவறாக இருந்தாலும் உரிமை அவருடையது. உங்களால் செய்ய முடிந்தது, முடிவை மாற்றிக்கொள்ள அவருக்குக் கௌரவமான ஒரு வழி அமைத்துக் கொடுப்பது.

அவரோடு பேசுவது

ஆதாரம் காட்டினால் பிடிவாதம் கூடிவிடும் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2010இல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. பிறகு பெரிய அளவில் சோதித்தபோது அந்த விளைவு பெரும்பாலும் தென்படவே இல்லை. 2024இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், செயற்கை நுண்ணறிவு உரையாடி ஒன்று ஒவ்வொருவரின் குறிப்பிட்ட வாதத்துக்கும் பொறுமையாக, மரியாதையாகப் பதில் சொன்னபோது, சதிக் கதையில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்பது குறைவாகத் தோன்றலாம். ஒரு மாத்திரையைத் திரும்ப எடுக்க அவ்வளவே போதுமாக இருக்கும்.

முதல் பேச்சு சித்தப்பாவைப் பற்றி இருக்கட்டும், தடுப்பூசியைப் பற்றி வேண்டாம். "சித்தப்பா போன அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சுப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். நடுவில் ஊசியைக் குறை சொன்னால் மறுக்காதீர்கள், ஆமோதிக்கவும் வேண்டாம். அன்றைக்கு ஊருக்கே சொல்லப்பட்ட நல்ல யோசனையைத்தான் அவர் தம்பிக்குச் செய்தார், அந்த மரணத்தில் அவர் மேல் தப்பு இல்லை என்பதை உங்கள் வாயால் அவர் ஒரு தடவை கேட்க வேண்டும். நான்கு வருடத்தில் அதை வீட்டில் யாராவது அவரிடம் சொன்னீர்களா?

அடுத்தது, யார் சொல்வது என்பது. நீங்களும் தம்பியும் சொன்னால் பிள்ளைகள் பாடம் எடுக்கிறார்கள் என்றாகும். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரின் மாணவர்களில் ஒரு மருத்துவராவது இருப்பாரே? அவர் அரசு மருத்துவமனையில் இருந்தால் இன்னும் நல்லது, 'கமிஷன்' என்ற பேச்சுக்கு இடமில்லை. முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "சார், ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று அவரையே கூப்பிடச் சொல்லுங்கள். அந்த அழைப்பு வருவது நீங்கள் ஏற்பாடு செய்துதான் என்பதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம்.

அப்புறம் அந்த 212. 'மெஷின் சரியில்லை' என்றவரிடம் நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது: அவர் இன்னும் அளந்து பார்ப்பதை நம்புகிறார். வேறு ஆய்வகத்தில், அவரே தேர்ந்தெடுத்த இடத்தில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கூடவே சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், விழித்திரைப் பரிசோதனை. ரத்தம் கொடுப்பதற்கு முன்பே, எந்த எண் வந்தால் தன் முறை வேலை செய்யவில்லை என்று ஒப்புக்கொள்வார் என்பதை அவர் கையால் எழுதி வைக்கட்டும். விடை வந்த பிறகு கேள்வியை மாற்றுவது கணக்கில் கிடையாது என்று அவருக்கே தெரியும். கம்பும் ராகியும் அளவாகச் சாப்பிடுவதையும் நடைப்பயிற்சியையும் விடச் சொல்லாதீர்கள். அவை நல்லவை, மாத்திரையோடு சேர்ந்து போகட்டும்.

இது நடந்துமுடியும் வரை உங்கள் கண் அவர் மேல் இருக்க வேண்டும். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், உடம்பு இளைப்பது, வாந்தி, அரைமயக்கம், காலில் ஆறாத புண், இதில் எது வந்தாலும் விவாதத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

போனை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம். கூட உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு, யூடியூபின் பார்வை வரலாற்றை ஒரு வாரம் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். முகப்புப் பக்கம் எப்படி மாறுகிறது என்று அவரே கவனிக்கட்டும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி போட்டு வரும் செய்தி பல கை மாறி வந்தது என்பதையும் காட்டிக் கொடுங்கள்.

குழந்தைக்கு ஊசி

இதில் பேச்சுவார்த்தைக்கு எதுவும் இல்லை. முடிவு பெற்றோருடையது, தாத்தாவின் சம்மதத்துக்காக ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம். 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. தட்டம்மை சாதாரணக் காய்ச்சல் இல்லை, நிமோனியாவிலும் மூளைக் காய்ச்சலிலும் கொண்டுபோய் விடும். ஊசியால் ஆட்டிசம் வருமோ என்று உங்கள் கணவர் பயப்படுவதாகத் தெரிகிறது. அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 'லான்செட்' இதழ் 2010இல் அதைத் திரும்பப் பெற்றது, எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவையும் பிரிட்டன் ரத்து செய்தது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில் தொடர்பு எதுவும் இல்லை.

ஊசியை மறைத்துப் போடாதீர்கள். "அடுத்த வாரம் போடப்போறோம்பா, எங்க முடிவு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் லேசான காய்ச்சலோ சிவப்புத் தடிப்போ சில குழந்தைகளுக்கு வந்து தானாகப் போகும். அதையும் முன்பே சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்ன காய்ச்சல் வந்தால் நீங்கள் சொன்னது சரி என்றாகும், சொல்லாமல் வந்தால் அவர் சொன்னது சரி என்றாகும். குழந்தையை அவரிடமிருந்து பிரிக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. நோய் வந்தால் கேட்காமல் சூரணம் கொடுக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனை போதும்.

உங்கள் தம்பி "போலீஸ் பிடிக்கும்" என்று மிரட்டுகிறாராம். பீதி கிளப்பும் பொய்ச் செய்தியைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 353ஆம் பிரிவில் குற்றம்தான். கூழ், சூரணம் பற்றிய பார்வர்டுகளுக்கு அதைக் காட்டி அப்பாவை அரட்டுவது வீண். ஒரு குறிப்பிட்ட ஆளையோ சமூகத்தையோ குற்றம்சாட்டும் செய்தி என்றால் மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை, பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கும்பல் அடித்தே கொன்றது. அந்த வகைச் செய்திக்கு வீட்டில் இடமே கூடாது. மற்றபடி, தம்பி குழுவில் போட்ட கேலிக்கு அதே குழுவில் மன்னிப்புக் கேட்டு, அப்பாவைத் திரும்பச் சேர்க்கட்டும். கேலி எத்தனை பேர் முன்னால் நடந்ததோ, மன்னிப்பும் அத்தனை பேர் முன்னால்தான்.

அம்மா இதையெல்லாம் கேட்டுக் குற்ற உணர்ச்சியில் உடைந்துபோகலாம். அவருக்கும் பேச ஆள் வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம். கூழில் கலந்ததை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும், ஆனால் முதல் நாளே வேண்டாம். சித்தப்பாவைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, அம்மாவே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லட்டும். மருத்துவரான அந்த மாணவரிடம் மட்டும் இந்த மூன்று வாரக் கணக்கைத் தேதியோடு முதலிலேயே சொல்லிவிடுங்கள். எச்பிஏ1சி எண்ணைப் படிக்க அவருக்கு அது தேவைப்படும். அப்பா எண்ணை எழுதி வைப்பதற்குள் அம்மா சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வரப்போகும் விடையில் அந்த மாத்திரைகளின் பங்கும் இருக்கும்.